நாலு இமைக்கு இருபத்தெட்டு எண்

அமெரிக்காவில் ஒருவருக்குக் கண்ணிமை அரித்துச் சிவந்தால், ஏன் அரிக்கிறது என்பது சாவகாசமாகப் பார்த்துக்கொள்ள வேண்டிய சங்கதி. எந்த இமை என்பதுதான் உடனே தெரிந்தாக வேண்டும். ஒவ்வாமையால் வந்த தோல் அழற்சி வலது மேலிமையில் இருந்தால் பில்லில் போட வேண்டிய நோய் எண் எச்01.111. வலது கீழிமை என்றால் எச்01.112. வலது கண்தான், ஆனால் மேலா கீழா என்று டாக்டர் எழுத மறந்துவிட்டார் என்றால் அந்த மறதிக்கும் ஓர் எண் உண்டு, 113. இடது மேல் 114, இடது கீழ் 115, இடது கண்ணில் ஏதோ ஓர் இமை 116. எந்தக் கண், எந்த இமை என்று ஒன்றுமே எழுதாமல் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்ட மகராசனுக்கு 119. மனிதனுக்கு இமை நாலு. அதில் வரும் ஒரே ஒவ்வாமைக்கு எண் ஏழு.

கரப்பான் என்றால் மறுபடி ஏழு. இமைத்தோல் வறட்சிக்கு ஏழு. டிஸ்காய்ட் லூபஸுக்கு ஏழு. கிருமியால் வராத இமைத்தோல் நோய்கள் என்ற பொடித் தலைப்பு ஒன்றுக்குள் மட்டும் 28 எண்கள் குடியிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 பட்டியலில் இத்தனைக்கும் சேர்த்து ஒரே எண்தான், எச்01.1. உலகத்துக்கு அது போதும். அமெரிக்காவுக்குமே 1979 முதல் 2015 வரை நாலு எண் போதுமானதாக இருந்தது; 373.31-இல் தொடங்கி 373.34-இல் முடிந்துவிடும். 2015 அக்டோபர் 1 அன்று ஐசிடி-9 போய், ஐசிடி-10-இன் அமெரிக்கப் பதிப்பான ஐசிடி-10-சிஎம் வந்தது. சுமார் 14,000 நோய் எண்கள் ஒரே ராத்திரியில் 68,000-ஐத் தாண்டின. அன்று காலை அமெரிக்க ஜனங்களுக்குப் புதிதாக எந்த நோயும் வந்துவிடவில்லை. பில்லுக்குத்தான் வந்தது.

அந்த வருடம் பத்திரிகைகள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தன. கோழி கொத்தினால் ஓர் எண், வாத்து மோதினால் ஓர் எண், தண்ணீரில் சறுக்கும்போது சறுக்குப் பலகை தீப்பிடித்துச் சுட்டுக்கொண்டால் ஓர் எண். மாமனார் மாமியாரோடு ஒத்துப்போகவில்லை என்றால் இசட்63.1, நம்மூரில் இந்த ஓர் எண்ணை வைத்தே ஓர் ஆஸ்பத்திரியை நடத்தலாம். ஜெட் இன்ஜினுக்குள் உறிஞ்சப்பட்டவருக்கு ஓர் எண். அவரே பிழைத்து, மறுபரிசோதனைக்கு வந்து டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தால் அதற்கு வேறு எண். எல்லோரும் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அந்த எண்களால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. வருடம் பூராவும் புத்தகத்தில் தூங்குகிற எண்கள் அவை. தினமும் ஆயிரக்கணக்கான சீட்டுகளில் விழுகிற இந்த இமை எண் மாதிரியான சாதுவான எண்களைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. விஷம் அங்கேதான் இருக்கிறது.

இமைத்தோலைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உடம்பிலேயே மெல்லிய தோல் அது. அரை மில்லிமீட்டர் தேறினால் அதிகம். அதனால் உடம்பின் மற்ற தோல் பொறுத்துக்கொள்வதை அது பொறுக்காது. விரலுக்கு நெயில் பாலிஷ் போட்ட பெண்ணுக்கு விரலில் ஒன்றும் ஆகாது. நகமும் நகத்தைச் சுற்றிய தோலும் பளிச்சென்று இருக்கும். அவள் அந்த விரலால் நாளைக்குப் பத்துத் தடவை கண்ணைத் தேய்ப்பாள், இமை வீங்கிவிடும். தலைக்கு அடித்த டையில் இருக்கிற பாரா-ஃபெனிலீன்டயமின் நரையை மறைத்துவிட்டு இமையைக் காட்டிக்கொடுக்கும். கண் அழுத்தத்துக்காக வருடக்கணக்கில் போடுகிற சொட்டு மருந்தே, அதில் கெடாமல் இருக்கச் சேர்த்த ரசாயனமே, வினையாகும். கண்ணுக்குப் போடுவதால் கண்ணிமை கெடும் என்று நோயாளிக்குத் தோன்றவே தோன்றாது. ஆகவே இமை அரித்து வருகிறவரிடம் டாக்டர் செய்ய வேண்டிய முதல் காரியம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கேட்பது. என்ன பூசினீர்கள், எப்போது மாற்றினீர்கள், வீட்டில் வேறு யார் என்ன பூசுகிறார்கள், வேலையில் எதைத் தொடுகிறீர்கள். தெரியவில்லை என்றால் முதுகில் பேட்ச் டெஸ்ட் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்து, மறுபடி ஒன்றிரண்டு நாள் கழித்து இன்னொரு தடவை பார்க்க வேண்டும். பொறுமைதான் இதற்கு வைத்தியம்.

இப்போது எச்01.111-ஐ மறுபடி பாருங்கள். வலது என்கிறது, மேல் என்கிறது, ஒவ்வாமை என்கிறது. எதனால் ஒவ்வாமை என்று வாயைத் திறக்கவில்லை. முறைப்படி கொடுத்த மருந்தால் வந்த வினை என்றால் கூடவே இன்னோர் எண் போடச் சொல்வார்கள். நெயில் பாலிஷா, ஹேர் டையா, மஸ்காராவா என்று கேட்க அந்த ஏழு எண்ணில் ஓர் எண்ணுக்கும் நாதியில்லை. நோயாளிக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். எந்த இமை என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும், அரிப்பது அவருக்குத்தானே! ஆக, நோயாளிக்குத் தெரிந்ததை ஏழு விதமாக எழுதி வாங்கி, தெரியாததைக் கேட்காமலே அனுப்பும் அதிசய ஏற்பாட்டுக்குத் துல்லியம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இன்னும் இருக்கிறது. நல்ல டாக்டர் ஒருவர் நோயாளியைப் பார்த்துவிட்டு, நேர்மையாக, 'ஒவ்வாமை அழற்சியாக இருக்கலாம்' என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தது கதை. வெளிநோயாளிச் சீட்டில் 'இருக்கலாம்', 'சந்தேகிக்கிறேன்' என்று எழுதிய நோய்க்கு எண் போடக்கூடாது என்பது அதிகாரபூர்வ விதி. சீட்டைப் படித்து எண் போடுகிற கோடர் என்ன செய்வார்? நோயை விட்டுவிட்டு அறிகுறிக்கு எண் போடுவார். இமை வீங்கியிருக்கிறதா, எச்02.841, மறக்காமல் வலது மேலிமை. பிறகு அதே சந்தேகத்தைத் தீர்ப்பதற்காகச் செய்த பேட்ச் டெஸ்டுக்குக் காசு கேட்கும்போது, 'வீக்கத்துக்கு எதற்கு இந்த டெஸ்ட்?' என்று இன்சூரன்ஸ் கம்பெனியின் கம்ப்யூட்டர் புருவத்தை உயர்த்தலாம். இரண்டு தடவை இப்படிப் பட்டுக்கொண்ட டாக்டர் மூன்றாம் தடவை 'இருக்கலாம்' என்று எழுதுவாரா? சந்தேகமே இல்லாத சீட்டாக எழுதப் பழகிக்கொள்வார். டாக்டர்களுக்குச் சந்தேகம் வருவதை விதி போட்டு நிறுத்திய நாடு அது.

களிம்புக் கணக்கு இதைவிடக் கேவலம். 2021 ஜனவரி முதல் அங்கே டாக்டர் பார்த்ததற்கான கூலி, அவர் செலவழித்த நேரத்தை வைத்தோ, அவர் எடுத்த முடிவு எவ்வளவு சிக்கலானது என்பதை வைத்தோ தீர்மானமாகிறது. சிக்கலை அளக்க ஓர் அட்டவணை. அதில் மருந்துச் சீட்டு எழுதி நிர்வகிப்பது நடுத்தர அபாயம். 'அம்மா, ஒரு மாதம் நெயில் பாலிஷைத் தொடாதீர்கள்' என்பது அந்தப் பத்தியில் நடுத்தரத்தை எட்டாது. குணமாக்கும் வாக்கியம் மலிவு. குணமாக்காமல் போகக்கூடிய ஆயின்மென்ட் மதிப்பு. எல்லா டாக்டரும் இதைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள் என்று சொன்னால் பாவம் வரும். ஆனால் அட்டவணையை எழுதியவர்கள் எதை விலை பேசினார்கள் என்பது அட்டவணையிலேயே தெரிகிறது.

சீட்டு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது நம்மூர் ஓ.பி. சீட்டு என்று நினைத்துவிடாதீர்கள். மாதிரிக்கு ஒரு சார்ட்டைத் திறப்போம். நோயாளி வந்தது இமை அரிப்புக்கு. முதல் பக்கம் முழுக்க அவர் பெயர், இன்சூரன்ஸ், கையெழுத்து, சம்மதம். இரண்டாம் பக்கத்தில் அவருக்கு நெஞ்சு வலி இல்லை, மூச்சுத் திணறல் இல்லை, மலச்சிக்கல் இல்லை, மூட்டு வலி இல்லை, தற்கொலை எண்ணம் இல்லை. மூன்றாம் பக்கத்தில் பாட்டிக்குச் சர்க்கரை வியாதி. நான்கில் பழைய மருந்துப் பட்டியல். அதில் முக்கால்வாசி நிறுத்திப் பல வருடம் ஆன மருந்துகள். ஐந்தில் கழுத்து மிருதுவாக இருக்கிறது, வயிறு மிருதுவாக இருக்கிறது. இவர் வயிற்றைத் தொட்ட கண் டாக்டர் யார் என்று கேட்காதீர்கள்; வயிற்றை டெம்ப்ளேட் தொட்டது. ஒரு கண் செயற்கைக் கண்ணாக இருக்கிறவருக்கும் 'இரண்டு பாப்பாவும் வெளிச்சத்துக்குச் சமமாகச் சுருங்குகின்றன' என்று சார்ட்டில் வரும் என்று கோடர்கள் சிரிப்பார்கள். எட்டாம் பக்கத்தின் அடியில், போன தடவை எழுதியதை அப்படியே இழுத்து ஒட்டியதற்கு நடுவில், ஒரு வரி: 'இமை சிவப்பு, செதில்.' எந்த இமை என்று இல்லை.

இது ஏன் இப்படி வளர்ந்தது என்பதற்குக் காரணம் ரகசியமில்லை. 1995-லும் 1997-லும் அமெரிக்க அரசு இரண்டு வழிகாட்டிகளை வெளியிட்டது. எத்தனை உறுப்பு மண்டலங்களைப் பற்றிக் கேட்டார், எத்தனை உறுப்புகளைப் பார்த்தார் என்று எண்ணி, அதற்குத் தக்கபடி காசு. பத்து மண்டலம் கேட்டால் உயர்ந்த படி. ஆகவே கேட்டார்கள். பிறகு கேட்காமலே எழுதினார்கள். பிறகு எழுதவும் அலுத்துப்போய் ஒரு பட்டனை அழுத்தினார்கள். 2021-இல் அந்த எண்ணிக்கை முறையைக் கைவிட்டாயிற்று. பட்டன் மட்டும் இருக்கிறது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்க டாக்டர்கள் நோயாளியின் முகத்தைப் பார்த்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கம்ப்யூட்டரையும் காகிதத்தையும் பார்த்தார்கள் என்று தெரியவந்தது. நோயாளியின் இமை எந்தப் பக்கம் என்பது ஏன் விட்டுப்போகிறது என்று இனி யாரும் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் அடித்தளம் போட்டது 1996-இல் வந்த ஹிப்பா சட்டம். அதில் எண் முறைகளைக் கட்டாயமாக்கிய பகுதிக்குச் சட்டம் எழுதியவர்கள் வைத்த தலைப்பு 'நிர்வாக எளிமைப்படுத்தல்'. நகைச்சுவை எழுத்தாளர்கள் வயிற்றில் அடிக்கும் வேலை இது.

எளிமையின் ஒரு துளி. ஐசிடி வலது பக்கத்திலிருந்து எண்ணத் தொடங்கும். வலது மேலிமை 1. இமையில் செய்த சிகிச்சைக்குப் பின்னொட்டாகப் போடுகிற ஈ1, ஈ2, ஈ3, ஈ4 குறிகளோ இடது பக்கத்திலிருந்து தொடங்கும். இடது மேலிமை ஈ1, வலது மேலிமை ஈ3. நோய்க்கு 1 போட்ட அதே இமையில் பயாப்ஸி எடுத்தால் அதற்கு 3 போட வேண்டும். ஒரே இமை, ஒரே மனிதர், ஒரே பில். மாற்றிப் போட்டால் பணம் வராது. இரண்டு கமிட்டிகளும் ஒரு நாள் சேர்ந்து காப்பி குடித்திருந்தால் தீர்ந்திருக்கும் விவகாரம்.

இன்னொரு துளி. நாலு இமையிலும் கரப்பான் வந்தவருக்கு எண் என்ன? எச்01.131, 132, 134, 135, நாலையும் போட வேண்டும். கிளைம் படிவத்தில் ஒரு சிகிச்சை வரிக்கு நாலே நாலு நோயைத்தான் சுட்டிக்காட்ட இடமுண்டு. நாலு இமையும் நாலு இடத்தையும் பிடித்துக்கொண்டால், அவருக்கு அதே வரியில் சொல்ல வேண்டிய இன்னொரு நோய் இருந்தால் அது வாசலில் நிற்க வேண்டியதுதான். இமை ஓரத்தில் வரும் பிளெஃபரைட்டிஸ் நோய்க்கு இந்தத் தொல்லை 2018 அக்டோபரில் தீர்ந்தது. மேல் கீழ் இரண்டுக்கும் சேர்த்து வலது கண்ணுக்கு ஏ, இடது கண்ணுக்கு பி என்று புது எண்கள் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுக் கரப்பானுக்குக் கொடுக்கவில்லை. எண் பட்டியலைத் திருத்த வருடத்துக்கு இரண்டு தடவை கூடுகிற கமிட்டியில் கரப்பானுக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை போலிருக்கிறது.

நோய் எண்ணாவது இலவசம். சிகிச்சை எண்களான சிபிடி அப்படியில்லை. அது அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் காப்புரிமைச் சொத்து. 1966-இல் முதல் பதிப்பு போட்டார்கள். பிறகு அரசே தன் காப்பீட்டுத் திட்டங்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. சட்டப்படி பேசியே ஆக வேண்டிய ஒரு பாஷைக்கு, பேசுகிறவர்களிடம் உரிமத் தொகை வசூலிக்கிற பாக்கியம் உலகில் வேறு எந்தச் சங்கத்துக்கும் கிடைத்ததாகத் தெரியவில்லை. தமிழ்ச் சங்கம் வைத்த பாண்டியர்களுக்கு இந்த யோசனை தோன்றாமல் போனது நம் அதிர்ஷ்டம்.

இத்தனை எண்ணும் போட்டு, வலது இடது பார்த்து அனுப்பினால் காசு வந்துவிடுமா? கேஎஃப்எஃப் என்ற ஆய்வு அமைப்பு, அரசு இணையச் சந்தை வழியாக விற்கும் பாலிசிகளின் கணக்கை வருடாவருடம் பார்க்கிறது. 2023-இல், கம்பெனிகளோடு ஒப்பந்தம் வைத்திருக்கும் ஆஸ்பத்திரிகளும் டாக்டர்களும் அனுப்பிய கிளைம்களில் 19 சதவீதத்தை மறுத்திருக்கிறார்கள். மறுக்கப்பட்டதை எதிர்த்து மேல்முறையீடு செய்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இதை இரண்டு தடவை படியுங்கள். ஐந்தில் ஒன்றை மறுத்தால் நூறில் தொண்ணூற்றொன்பது பேர் வாயை மூடிக்கொண்டு போவார்கள் என்று தெரிந்த வியாபாரிக்கு, மறுப்பதைவிட லாபமான தொழில் வேறென்ன இருக்க முடியும்? மறுக்க ஒரு காரணம் வேண்டும். காரணத்தைத் தயாரிக்கும் யந்திரம்தான் அந்த 68,000 எண். எண் எவ்வளவு நுணுக்கமோ, தப்பு அவ்வளவு சுலபம். தப்பு எவ்வளவு சுலபமோ, பணம் அவ்வளவு நாள் கம்பெனியின் கணக்கிலேயே வட்டி தின்னும்.

2020-இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்குப் போட்டது: 2017-இல் அமெரிக்காவின் மருத்துவச் செலவில் 34 சதவீதம் நிர்வாகச் செலவு. பக்கத்தில் ஒரே அரசுக் காப்பீடு இருக்கும் கனடாவில் 17 சதவீதம். எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவருக்கும் இமை நாலுதான்.

நோய்களைப் பட்டியல் போடுவதே அயோக்கியத்தனம் என்று நான் சொல்ல வரவில்லை. 1893-இல் ழாக் பெர்த்தியோன் என்ற பிரெஞ்சுக்காரர் சிகாகோவில் வைத்த சாவுக் காரணப் பட்டியல்தான் இந்த ஐசிடிக்குப் பாட்டன். ஜனங்கள் எதனால் சாகிறார்கள் என்று ஊருக்கு ஊர் ஒப்பிட்டுப் பார்க்கவே அந்தப் பட்டியல் பிறந்தது. டிஸ்காய்ட் லூபஸ் இமையில் வந்தால் அதைச் சாதாரண இமை அழற்சி என்று நினைத்து மாதக்கணக்கில் தப்பு மருந்து போடுவது உண்டு. அதற்குள் தழும்பு விழுந்து இமைமுடி கொட்டிவிடும். அதைத் தனியாகப் பெயர் சொல்லி எண்ணுவது நியாயமான காரியம். பெயர் சொல்லப் பிறந்த பட்டியலைப் பில் போடும் ரோக்காவாக மாற்றியவர்கள் மீதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

சரி, அமெரிக்காக்காரன் இமைக்கு எண் போட்டால் உனக்கு என்ன போச்சு என்று கேட்பீர்கள். எண் போடுவது அமெரிக்காக்காரன் இல்லை. கிண்டியிலும் பெருங்குடியிலும் அம்பத்தூரிலும், கோவையிலும் திருச்சியிலும் உட்கார்ந்திருக்கும் நம் வீட்டுப் பெண்ணும் பையனும்.

விலங்கியல் படித்தவள், பயோடெக் படித்தவன், நர்சிங் முடித்தவள், பிசியோதெரபி முடித்தும் கிளினிக் வைக்க வழியில்லாதவன், சித்த மருத்துவப் பட்டம் வாங்கியும் வேலை கிடைக்காதவள். படித்த படிப்புக்கு இந்த ஊரில் வேலை இல்லை என்று ஆன பிறகு இவர்களுக்குத் திறந்திருக்கும் கதவு மெடிக்கல் கோடிங். கோச்சிங் சென்டருக்கு ஒரு தொகை கட்டி, சிபிசி என்ற சான்றிதழ்ப் பரீட்சைக்கு டாலர் கணக்கில் ஒரு தொகை கட்டி, தலையணை மொத்தத்தில் மூன்று அமெரிக்கப் புத்தகங்களை வைத்துக்கொண்டு நாலு மணி நேரத்தில் 100 கேள்விக்கு விடை எழுத வேண்டும். 70 சதவீதம் வாங்கினால் பாஸ். பாஸ் ஆனாலும் பெயருக்குப் பின்னால் அப்ரன்டிஸ் என்பதற்கு ஓர் 'ஏ' ஒட்டிக்கொண்டிருக்கும். அதை எடுக்க அனுபவம் வேண்டும். வாங்கிய சான்றிதழ் செத்துப்போகாமல் இருக்க இரண்டு வருடத்துக்கு 36 பாயின்ட் சேர்க்க வேண்டும், சந்தா கட்ட வேண்டும். ஊரில் விலங்கியல் பட்டத்துக்கு இத்தனை பராமரிப்புச் செலவு இல்லை. மதிப்பும் இல்லை என்பது வேறு விஷயம்.

செல்போனை லாக்கரில் வைத்துவிட்டு ஃப்ளோருக்குள் போனால் நாளுக்கு இத்தனை சார்ட் என்று டார்கெட். குவாலிட்டி 95-க்குக் கீழே இறங்கக்கூடாது. மேலே சொன்னேனே, எட்டாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி, அதைச் சில நிமிடங்களில் கண்டுபிடிக்க வேண்டியது இவள் வேலை. கண்டுபிடித்து 119 போட்டால் ஆடிட்டர், 'லேட்டராலிட்டி எங்கே?' என்று எரர் போடுவார். வலது இமையாகத்தான் இருக்கும் என்று ஊகித்து 111 போட்டால், சார்ட்டில் இல்லாததை எப்படிப் போட்டாய் என்று அதற்கும் எரர். டாக்டருக்குக் கொயரி அனுப்பினால் பதில் வரும்வரை சார்ட் பெண்டிங், புரொடக்‌ஷன் அடி வாங்கும். அங்கே ஒரு டாக்டர் இரண்டு எழுத்து சேர்த்து எழுதச் சோம்பல்பட்டதற்கு இங்கே ஒருத்தியின் இன்சென்டிவ் போகிறது. மணிக்கணக்கில் திரையை முறைத்துக் கண்ணிமைகளுக்கு எண் போட்ட களைப்பில் அவள் தன் இமையைத் தேய்த்துக்கொள்வாள். அதற்கு எண் கிடையாது.

அதே பெண்ணின் அம்மாவுக்கு ஊரில் இமை அரித்தால் என்ன நடக்கும்? மருந்துக்கடைக்குப் போவார். கடைக்காரத் தம்பி முகத்தைக்கூட நிமிர்ந்து பாராமல் ஒரு ஸ்டீராய்டு ட்யூபை எடுத்து நீட்டும். 'ரெண்டு வேளை தடவுங்கக்கா.' இப்படிப்பட்ட களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-இல் மத்திய அரசு அறிவித்தாயிற்று. அறிவிப்பு அரசிதழில் இருக்கிறது. ட்யூப் கல்லாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இமையில் அதை மாதக்கணக்கில் தடவினால் கண் அழுத்தம் ஏறலாம், புரை விழலாம். அக்காவிடம் யார் சொல்வது? சொல்லத் தெரிந்த மகள் பெருங்குடியில் அயோவாக்காரி ஒருத்தியின் இடது கீழிமையைத் தேடிக்கொண்டிருக்கிறாள். அங்கே எட்டுப் பக்கம் எழுதி ஒரு கேள்வி கேட்கவில்லை. இங்கே ஒரு கேள்வியும் இல்லை, ஒரு பக்கமும் இல்லை, ட்யூப் மட்டும் உண்டு.

இமையை விடுங்கள், சாவுக்கு வருவோம். இந்தியாவில் பதிவான சாவுகளில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்தவை எத்தனை? 2020-க்கான அரசு அறிக்கை சொல்கிறது, 22.5 சதவீதம். பதிவானவற்றில் மட்டும் இந்தக் கணக்கு, பதிவாகாதவை தனி. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் வந்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் நாலில் மூன்று பேர் ஏன் செத்தார்கள் என்று அரசுக்கு டாக்டர் மூலம் தெரியாது. எழுதுகிற டாக்டர்களிலும் ஒரு சாரார் 'இதயமும் மூச்சும் நின்றதால்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். அப்படி எழுதாதீர்கள் என்று படிவத்திலேயே அறிவுறுத்தல் இருக்கிறது. இதயம் நிற்காமல் செத்த ஒருவரையாவது இந்த டாக்டர்கள் பார்த்திருக்கிறார்களா என்று கேட்க ஆளில்லை. 2023-இல் சட்டத்தைத் திருத்தி, எல்லா மருத்துவ நிறுவனமும் காரணச் சான்று கொடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். நல்லது. வீட்டில் சாகிறவர்கள் என்ன செய்வது என்று அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆக நம் நாட்டுக்கு நோய்ப் பட்டியல் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. அந்தப் பட்டியலை மனப்பாடமாகச் சொல்லும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை நம் கல்லூரிகளே தயார் செய்து கொடுத்திருக்கின்றன. அவர்களை எந்த மாவட்ட ஆஸ்பத்திரி கூப்பிட்டது? எந்தச் சுகாதாரத் துறை இயக்குநருக்கு, எங்கள் மாவட்டத்தில் எதனால் சாகிறார்கள் என்று இந்தப் பிள்ளைகளை வைத்து ஒழுங்காக எண்ணிப் பார்ப்போம் என்று தோன்றியது? வேலைவாய்ப்பு முகாம் என்று பந்தல் போட்டு, அமெரிக்க பில்லுக்கு ஆள் பிடிக்கும் கம்பெனிகளுக்கு மேஜை நாற்காலி போட்டுக் கொடுத்து, அமைச்சர் கையால் நியமன ஆணை வழங்குவது மட்டும் குறைவில்லாமல் நடக்கிறது. இப்போது அந்த வேலைக்கும் உலை வைத்தாயிற்று. ஆஸ்பத்திரியின் சாஃப்ட்வேர் எண் போடும், கம்பெனியின் சாஃப்ட்வேர் மறுக்கும் என்ற காலம் வாசலுக்கு வந்துவிட்டது. இரண்டும் ராப்பகலாகச் சண்டை போட்டுக்கொள்ளட்டும். நடுவில் இருபதுகளை அங்கே தொலைத்தவளுக்கு யார் பதில் சொல்வது?

ஒரு தாத்தா கிராமத்தில் வீட்டிலேயே இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது அறுபத்திரண்டு. சென்னையிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்த பேத்தி, காரியங்கள் முடிந்து சித்தப்பாவோடு வி.ஏ.ஓ. ஆபீஸில் நிற்கிறாள்.

'இறப்புக்குக் காரணம்னு கேட்டிருக்கும்மா. நீ மெடிக்கல் கோடிங்தானே, என்ன போடணும்னு நீயே சொல்லு.'

'டாக்டர் யாரும் பார்க்கலையே சித்தப்பா. எழுதாததை நாங்க போடக்கூடாது.'

வி.ஏ.ஓ. பேனாவை மூடாமலே சொல்கிறார்: 'அட, அதுக்கென்னம்மா யோசனை? முதுமைன்னு போட்டுடலாம். ஆதார் ஜெராக்ஸ் கொண்டாந்தீங்களா?'